பாட்டு என்றொரு பத்திரிகை

கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் ஒரு பகுதியாக அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிக் கிடக்கும் கேப் பிரெட்டன் தீவில், 1892ஆம் ஆண்டு ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. 'மாக்-டல்லா' என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் மொழியான கேலிக்கில் இதற்கு எதிரொலி என்று பொருள். அதே தீவில் 1976ஆம் ஆண்டு இன்னொரு பத்திரிகை தோன்றியது. அதன் பெயர் 'இன்வர்னஸ் ஓரன்'. ஓரன் என்றால் கேலிக்கில் பாட்டு. முன்னது முழுவதும் கேலிக்கில் அச்சானது. பின்னது பெயரில் மட்டும் கேலிக்கைத் தாங்கிப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருவது.

இவ்விரு பெயர்களுக்கும் இடையில் எண்பத்து நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு சமூகம் தன் தாய்மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆனால் அம்மொழியோடு ஒட்டிப் பிறந்த இசையை அது இழக்கவில்லை. ஒன்று போயிற்று, மற்றொன்று நின்றது, ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், பெரிய இசையரங்குகளையும் ஆவணக் காப்பகங்களையும் விட, சிற்றூர் வானொலி நிலையங்களும் வட்டாரப் பத்திரிகைகளும் ஒரு கிடாரும் நமக்கு அதிகம் சொல்லக்கூடும் என்று தோன்றுகிறது.

கடல் கடந்த மொழி

1773ஆம் ஆண்டு 'ஹெக்டர்' என்னும் கப்பல் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடியேறிகளைச் சுமந்துகொண்டு நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறையை வந்தடைந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் தொடர்ந்து வந்தன. நிலவுடைமையாளர்கள் ஆடு வளர்ப்பில் கண்ட இலாபத்துக்காகக் குத்தகைக் குடிகளை ஊரோடு வெளியேற்றிய காலம் அது. வந்தவர்கள் பலர் கேப் பிரெட்டன் தீவில் உறவுமுறையார் ஒன்றாய்ச் சேர்ந்து ஊர்களை அமைத்தனர். அது மனிதரற்ற காடன்று. மிக்மாக் பழங்குடி மக்களின் தாய்நிலம் என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும். விரட்டப்பட்டவர்களே வேறொருவர் மண்ணில் குடியேறிய கதை இது.

கேலிக் மொழி இம்மண்ணில் நன்றாகவே வேரூன்றியது. தீவுக்கு நேர் எதிரே பெருநிலத்தில் உள்ள ஆன்டிகோனிஷ் என்னும் சிறு நகரில், ஜான் பாய்ட் என்பவர் 1852ஆம் ஆண்டு 'தி காஸ்கெட்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். தொடக்கம் முதலே அதில் கேலிக்கிற்கு இடம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துத் தீவின் தொழில் நகரமான சிட்னியில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஜோனதன் மெக்கின்னன் என்னும் இளைஞர் 'மாக்-டல்லா'வைக் கொண்டுவந்தார். உலகச் செய்தி, உள்ளூர்ச் சாவுச் செய்தி, பாட்டு, கதை, வாசகர் கடிதம் யாவும் கேலிக்கிலேயே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. படித்தவர்கள் பலர், சந்தா செலுத்தியவர்கள் போதவில்லை. 1904இல் அது நின்றது.

சந்தா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1890ஆம் ஆண்டு கனடாவின் மேலவையில் தாமஸ் மெக்கின்னிஸ் என்னும் உறுப்பினர், கேலிக்கையும் நாட்டின் ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆதரவாக 7 வாக்குகள், எதிராக 42. பள்ளிக்கூடத்தில் அம்மொழிக்கு இடமில்லை. பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட கதைகளை அத்தீவின் முதியவர்கள் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் ஆங்கிலம் பேசின. பெற்றோர் தங்களுக்குள் கேலிக்கும் பிள்ளைகளிடம் ஆங்கிலமும் பேசத் தொடங்கினர். ஒரு மொழி மெல்ல மெல்ல மறையும் வழி பெரும்பாலும் இதுதான்.

வானொலி கொண்டுவந்த கிடார்

1929ஆம் ஆண்டு சிட்னி நகரில் சி.ஜே.சி.பி. என்ற வானொலி நிலையம் தொடங்கியது. தீவின் வீடுகளில் மெல்ல மெல்ல வானொலிப் பெட்டிகள் வந்தன. அப்பெட்டி வந்த வேளையில் கேப் பிரெட்டன் இசை என்றால் பிடில்தான். ஆட்டத்துக்கு வாசிப்பது, சமையலறையில் நாற்காலியில் அமர்ந்து, குதிகாலால் தரையில் தாளமிட்டுக்கொண்டே வாசிப்பது. துணைக்கு முதலில் கால்மிதி ஆர்மோனியமும் பின்னர் பியானோவும் வந்தன. கிடார் இல்லை.

கிடார் வானொலி வழியாக வந்தது. அது கெல்டிக் இசையோடு வரவில்லை. அமெரிக்கக் கிராமியப் பாட்டோடு, அதாவது கௌபாய்ப் பாட்டோடு வந்தது. அப்பாட்டின் இரு பெரும் பெயர்களான வில்ஃப் கார்ட்டரும் ஹாங்க் ஸ்னோவும் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர்களே. தபால் வழியே வரவழைத்த மலிவான கிடாரில் பழகிய ஹாங்க் ஸ்னோ, 1933ஆம் ஆண்டு ஹாலிஃபாக்ஸ் வானொலியில் பாடத் தொடங்கினார். மீனவர் வீடுகளிலும் சுரங்கத் தொழிலாளர் வீடுகளிலும் இளைஞர்கள் அதைக் கேட்டுத் தாங்களும் கிடார் வாங்கினர். பழைமையைக் காக்க விரும்பியவர்களுக்கு இது ஓர் அந்நியப் படையெடுப்பாகவே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் நடந்தது வேறு. வெளியிலிருந்து வந்த கிடார், உள்ளிருந்த பிடிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. மீனவக் குடும்பத்தில் பிறந்த வின்ஸ்டன் ஃபிட்ஜெரால்ட் (1914-1987) என்னும் பிடில் கலைஞர், பியானோவில் பீட்டி வாலஸையும் கிடாரில் எஸ்ட்வுட் டேவிட்சனையும் சேர்த்துக்கொண்டு சிட்னி வானொலியில் வாசித்தார். அக்குழுவின் பெயரே 'ரேடியோ என்டர்டெய்னர்ஸ்', அதாவது வானொலிக் கேளிக்கையாளர். பிடில், பியானோ, கிடார் என்ற மூவர் கூட்டு தீவெங்கும் செவிக்குப் பழகியது. வின்ஸ்டனின் சுத்தமான, விரைந்த வில்லோட்டத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவரையே அளவுகோலாகக் கொண்டது.

இசைத்தட்டிலும் இதே வட்டாரத் தன்மை உண்டு. ஆன்டிகோனிஷில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த பெர்னி மெக்ஐசக் என்பவர் 1930களில் 'கெல்டிக்' என்ற பெயரில் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, டான் ஜே. கேம்பல், ஆங்கஸ் சிஷோல்ம், ஆங்கஸ் ஆலன் கில்லிஸ் ஆகியோரின் வாசிப்பைத் தட்டுகளாக வெளியிட்டார். பெருநகர நிறுவனம் எதுவும் தேடி வராத இசையை, தன் கடைக்கு வருகிறவர்களின் விருப்பம் அறிந்த ஓர் உள்ளூர்க் கடைக்காரர் பதிவுசெய்தார்.

கூட்டுறவின் குரல்

அதே ஆன்டிகோனிஷில் உள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம், 1928ஆம் ஆண்டு வயதுவந்தோர் கல்விக்கென ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. ஜிம்மி டாம்ப்கின்ஸ், மோசஸ் கோடி என்ற இரு பாதிரியார்கள் இதன் உந்துசக்திகள். மீனவர்களும் விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூடினார்கள். விலை ஏன் இப்படி இருக்கிறது, இடைத்தரகனுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களையும் கடன் சங்கங்களையும் அமைத்தார்கள். 'ஆன்டிகோனிஷ் இயக்கம்' என்று உலகின் கூட்டுறவு வரலாற்றில் அழைக்கப்படுவது இதுவே.

அச்சிட்ட துண்டறிக்கை எட்டாத வீட்டுக்கும் குரல் எட்டும் என்பதை உணர்ந்து, 1943ஆம் ஆண்டு இந்த வட்டாரத்தினர் சி.ஜே.எஃப்.எக்ஸ். என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினர். எஃப்.எக்ஸ். என்னும் ஈரெழுத்துகள் பிரான்சிஸ் சேவியரைக் குறிப்பன. இன்றைய சட்டம் 'சமுதாய வானொலி' என்று வரையறுக்கும் வகையைச் சேர்ந்ததன்று அது. ஆயினும் அதன் நோக்கம் அதுவாகவே இருந்தது. 'மக்கள் பள்ளி' என்ற பெயரில் கூட்டுறவுப் பாடங்கள் ஒலித்தன. அதே அலைவரிசையில் பிடில் இசையும் ஒலித்தது. கிளைட் நன் என்னும் முதல் நிர்வாகி பிடில் இசைக்கு மனமுவந்து நேரம் ஒதுக்கியவர். நீரிணைக்கு அப்பால், கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரை ஊர்கள் வரை அவ்வொலி சென்றது.

இந்த வானொலிகள் இசையைப் 'பாரம்பரியம்' என்ற பெயரில் பீடத்தில் ஏற்றி வைக்கவில்லை. வானிலைக்கும் சாவு அறிவிப்புக்கும் விளம்பரத்துக்கும் இடையில் அது ஒலித்தது. எவனோ ஒருவன் அடக்கச் செய்திக்காகக் காது கொடுத்தபோது கூடவே ஒரு பிடில் மெட்டும் காதில் விழுந்தது. வாழ்க்கையின் தேவைகளோடு கலந்து வருகிற கலைக்குக் காவலர் தேவைப்படுவதில்லை.

கிடைத்ததும் இழந்ததும்

இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வானொலி இசையைக் காத்தது என்று சொல்வது பாதி உண்மை.

பழைய பிடில்காரர்கள் சிலருடைய வாசிப்பில் சில சுரங்கள் இன்றைய செவிக்குத் 'தவறாக'க் கேட்கும். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு இடையிலே எங்கோ நிற்கும் சுரங்கள் அவை. தவறல்ல, அது வேறொரு சுரமுறை. பியானோவின் கட்டைக்கும் கிடாரின் மெட்டுக்கம்பிக்கும் அத்தகைய இடைச்சுரங்கள் கிடையா. துணைக்கருவி உறுதியான சுரங்களைக் கொடுக்கக் கொடுக்க, பிடிலும் அவற்றோடு இசைந்து போயிற்று. ஒவ்வோர் ஊருக்கும் குடும்பத்துக்கும் இருந்த தனி வில்லோட்டமும், வானொலியில் கேட்ட ஒரு வல்லவரின் பாணியை நோக்கி நகர்ந்தது.

மொழியின் கதை இன்னும் கசப்பானது. கேலிக் தெரிந்தவர்கள் வாசிக்கும்போது வில்லில் அம்மொழியின் ஒலி இருக்கும் என்பது தீவின் முதியோர் சொல்லும் கருத்து. மெட்டுகள் பலவும் முதலில் சொற்களோடு பிறந்தவை. சொல்லின் நெடிலும் குறிலும் தாளத்தின் அழுத்தங்களைத் தீர்மானித்தன. வானொலி மெட்டை எடுத்துக்கொண்டது, சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. மெட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்த விளம்பரதாரருக்கும் அது இனித்தது. 'தி காஸ்கெட்' பத்திரிகையில் பி. ஜே. நிக்கல்சன் என்னும் பாதிரியார் 1920ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கேலிக் பகுதியொன்றை நடத்தினார். அச்சில் மொழிக்கு ஒரு பத்தியும் அலைவரிசையில் இசைக்கு ஒரு மணி நேரமும் கிடைத்தன. ஒன்றையொன்று தாங்க வேண்டிய இரண்டும் தனித்தனியே நின்றன.

மறைகிறதா பிடில்?

1971ஆம் ஆண்டு கனடாவின் தேசிய ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி., 'மறைந்துவரும் கேப் பிரெட்டன் பிடில் கலைஞர்' என்ற பொருளில் ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. இளைஞர்கள் இக்கலையை எடுக்கவில்லை, முதியவர்களோடு அது முடிந்துவிடும் என்பது படத்தின் சாரம். தீவு கொதித்தது. கோபம் ஆற்றலாயிற்று. குழு கூடியது, பிடில் கலைஞர் சங்கம் உருவானது, 1973ஆம் ஆண்டு ஜூலையில் கிளென்டேல் என்னும் சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில் கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறி வாசித்தனர்.

பின்னர் இதை ஆராய்ந்தவர்கள், 'மறைவு' என்பது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று காட்டியிருக்கிறார்கள். நகரத்திலிருந்து வந்த கேமராவுக்கு மேடை தேவை. மேடையில் யாரும் இல்லையென்றால் கலை இல்லை என்று அது முடிவுகட்டும். ஊர்மண்டபத்தில் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. சமையலறையில் ஒலிநாடாக் கருவி சுழன்றுகொண்டுதான் இருந்தது. வீட்டில் பதிவுசெய்த நாடாக்கள் கைமாறிக் கைமாறிப் பாஸ்டன், டொரொண்டோ வரை பிழைப்புக்குப் போனவர்களைத் தேடிச் சென்றன. பட்டி மெக்மாஸ்டர் (1924-2014) என்னும் மாபெரும் கலைஞர் இரயில் நிலையத்தில் தந்தி வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராக ஆட்டத்துக்கு வாசித்துவந்தார். அவருடைய முதல் தனி இசைத்தொகுப்பு 1989இல், அறுபத்தைந்தாம் வயதில்தான் வெளிவந்தது. இசைத்தட்டுக் கடையில் தேடியிருந்தால் அவர் இல்லை; சனிக்கிழமை இரவு ஊருக்குள் தேடியிருந்தால் அவர் இருந்தார்.

துணைக்கருவி தலைக்கருவியானது

இந்த எழுச்சிக்குச் சற்று முன்பே கிடார் தன் இரண்டாம் பிறப்பை எடுத்துவிட்டது. ஜான் ஆலன் கேமரூன் (1938-2006) இன்வர்னஸ் வட்டாரத்துக்காரர். ஏராளமான பிடில் மெட்டுகளை இயற்றிய டான் ஆர். மெக்டொனால்ட் அவருக்குத் தாய்மாமன். குருப்பட்டத்துக்குப் படித்து, பட்டம் பெறும் தறுவாயில் விலகி, பன்னிரண்டு தந்திக் கிடாரைக் கையில் எடுத்தவர். பிடிலுக்கும் பைப் என்னும் துருத்திக்குழலுக்கும் உரிய மெட்டுகளை அக்கிடாரில் சுரம் பிசகாமல் வாசித்தார். இரட்டை இரட்டையாய் ஒலிக்கும் தந்திகள் துருத்திக்குழலின் நீங்காத சுருதியை நினைவூட்டின. 1970ஆம் ஆண்டு, அமெரிக்கக் கிராமியப் பாட்டின் தலைமைக் கோயிலான நாஷ்வில் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' மேடையில் ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்து நின்று அவர் வாசித்தார். முப்பதுகளில் அம்மரபின் வானொலிப் பாட்டு தீவுக்குக் கிடாரைக் கொண்டுவந்தது. எழுபதில் தீவின் மெட்டைச் சுமந்துகொண்டு கிடார் அதே மரபின் மேடைக்குத் திரும்பியது.

அடுத்த அடியை எடுத்தவர் டேவ் மெக்ஐசக். ஹாலிஃபாக்ஸில் வளர்ந்தவர், தந்தை கேப் பிரெட்டன் பிடில்காரர். பழைய இசைத்தட்டுகளையும் வீட்டு நாடாக்களையும் கேட்டுப் பழகிய அவர், 1986ஆம் ஆண்டு 'கெல்டிக் கிடார்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அக்காலத்துக் கெல்டிக் கிடார் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. டேவி கிரஹாம் 1960களில் மொராக்கோ இசையின் தாக்கத்தால் அமைத்த மாற்றுச் சுருதிக்கட்டை, அயர்லாந்தின் மீஹால் ஓ டோனல் போன்றோர் எடுத்துப் பின்னணி இசையாக வளர்த்தனர். மெக்ஐசக்கின் கிடாரோ பிடில் மெட்டையே வாசித்தது. வில்லின் சிறு அலங்காரங்களைக்கூட விரலால் தேடியது. எழுதிய சுரத்தாளைப் பார்த்து எழுந்த வாசிப்பன்று அது. கேட்டுக் கேட்டு எழுந்தது. அறுபது ஆண்டுக்கால வானொலியும் நாடாவும் அக்காதுக்குப் பயிற்சி தந்திருந்தன.

யார் வீட்டில் இன்று ஆட்டம்?

இப்போது பாட்டு என்று பெயர் சூட்டிக்கொண்ட பத்திரிகைக்குத் திரும்புவோம். ஆவணப்படம் வந்து ஐந்தாண்டுகளில், இன்வர்னஸ் என்னும் பழைய சுரங்க ஊரில், உள்ளூர்க்காரர்கள் 'இன்வர்னஸ் ஓரன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். ஊராட்சிக் கூட்டம், நண்டு பிடிக்கும் பருவம், பள்ளிக்கூடச் செய்தி, இரங்கல் குறிப்பு ஆகியவற்றோடு, எந்த மண்டபத்தில் என்று ஆட்டம், யார் பிடில், யார் பியானோ என்ற விவரமும் அதில் வரும். மேற்கு மாபு, கிளென்கோ மில்ஸ், புரூக் வில்லேஜ் என்று அந்த மண்டபங்களின் பெயர்கள் வெளியாருக்கு ஒன்றும் சொல்லா. ஊராருக்கு அதுவே வாரத்தின் முதற்செய்தி. அப்பத்தி இசை விமரிசனம் அன்று. கலையின் மகத்துவத்தை அது பேசுவதில்லை. சனிக்கிழமை இரவு எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அந்த ஒரு வரியால் நாற்பது பேர் மண்டபத்துக்குப் போகிறார்கள் என்றால், நாற்பது பேருக்காக ஒருவர் பிடிலைத் துடைத்து எடுக்கிறார்.

தீவின் மேற்குக் கரையில், பிரெஞ்சு பேசும் அக்கேடியர் வாழும் ஷெட்டிகாம்ப் ஊரில் 1995ஆம் ஆண்டு சி.கே.ஜே.எம். என்ற சமுதாய வானொலி தொடங்கியது. கூட்டுறவுக்குப் பேர்போன ஊர் அது. வானொலியும் கூட்டுறவாகவே அமைந்தது. மொழி பிரெஞ்சு. ஆனால் பிடில் இசை அங்கும் உண்டு. ஸ்காட்லாந்து மெட்டுகள் அக்கேடியர் வீட்டுக்கும் மிக்மாக் மக்களின் எஸ்கசோனி ஊருக்கும் என்றோ போய்ச் சேர்ந்திருந்தன. மிக்மாக் இனத்தவரான லீ கிரெமோ (1938-1999) பிடில் போட்டிகளில் பல பரிசுகளை வென்றவர். மொழிகள் பிரித்து வைத்த அண்டை வீடுகளை ஓர் அலைவரிசை இணைத்தது எனலாம்.

இவை எளிதில் நிலைப்பவை அல்ல. 2024ஆம் ஆண்டு, தீவின் நாளிதழான 'கேப் பிரெட்டன் போஸ்ட்' உள்ளிட்ட பல பத்திரிகைகளை வைத்திருந்த சால்ட்வயர் குழுமம் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அவ்வாண்டிலேயே அவை போஸ்ட்மீடியா என்னும் பெருநிறுவனத்தின் கைக்குப் போயின. தொலைதூர அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவருக்கு, கிளென்கோ மில்ஸில் யார் பிடில் வாசிக்கிறார் என்பது பக்கத்தை வீணாக்கும் வரி. 'மாக்-டல்லா' நின்ற 1904ஆம் ஆண்டிலும் அது ஒரு கணக்குப் பிரச்சினையாகவே தெரிந்திருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நாம் கண்ட விடை இதுதான். இசை நின்றது, ஏனெனில் அதற்கு வாரந்தோறும் ஓர் இடமும் நேரமும் இருந்தன. அவற்றை அறிவிக்க ஒரு பத்தியும், அதுவரை காதைப் பழக்கி வைக்க ஒரு வானொலியும் இருந்தன. கேலிக் மொழிக்குப் பாசம் இருந்தது, பெருமிதம் இருந்தது, 1938 முதல் புனித ஆன்ஸ் என்னுமிடத்தில் ஒரு கல்லூரிகூட இருந்தது. ஆனால் சந்தையிலும் பள்ளியிலும் வானொலியிலும் அன்றாடம் புழங்க இடம் இருக்கவில்லை. மாநில அரசு கேலிக் விவகாரங்களுக்கென ஓர் அலுவலகத்தை 2006ஆம் ஆண்டு திறந்தது; 'மாக்-டல்லா' மூடி நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து. இன்று பெரியவர்களாகிக் கேலிக் கற்கிறவர்கள் பலர் அம்மொழியை முதலில் தேடி வந்தது, காதில் விழுந்த ஒரு மெட்டுக்குச் சொல் என்ன என்று அறியும் ஆவலால்தான் என்கிறார்கள்.

ஒரு கலை உயிரோடு இருக்கிறதா என்று அறிய விழா மலர்களை நாம் புரட்ட வேண்டியதில்லை. அவ்வூர்ப் பத்திரிகையை எடுத்து, இரங்கல் குறிப்புக்குப் பக்கத்தில், இந்த வாரம் எங்கே யார் வாசிக்கிறார்கள் என்ற சிறு வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.